செசிலியா பார்க்காத பக்கம்

அந்தோணியார் குப்பத்தில் வாயைத் திறந்து ஏலம் கேட்கிற வழக்கம் கிடையாது. பழவேற்காடு ஏரிக்கரையில் மற்ற ஊர்களில் கத்திக் கேட்பார்கள், சட்டையைப் பிடிப்பார்கள், அப்புறம் சேர்ந்து டீ குடிப்பார்கள். இந்த ஊரில் அது ஆகாது. எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சம்பந்தி, மச்சான், நாத்தனார். மச்சான் கேட்ட விலைக்கு மேல் வாய்விட்டு ஒரு விலை சொன்னால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. அதனால் கேட்பவர்கள் பேச மாட்டார்கள். ஏலம் விடுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போக, வேண்டும் என்பவர் ஒரு விரலைத் தூக்குவார், இல்லை மார்பில் கை வைப்பார். புருவத்தை உயர்த்தினாலும் போதும். இப்படிக் கேட்பதால் யார் யாரை மிஞ்சினார் என்று யாருக்கும் தெரியாது என்பது ஊரின் நம்பிக்கை. எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரியாத மாதிரி வீட்டுக்குப் போகலாம் அல்லவா, அதுதான் இதில் வசதி.

ஆக, அந்த ஊரில் ஏலம் நடப்பதே ஏலம் விடுகிறவரின் கண்ணை நம்பித்தான். பல வருடமாக அந்தக் கண் செசிலியாவுடையது.

அவளுக்கு அந்த வேலை கிடைத்த கதை சின்னது. முன்பு ஏலம் விட்ட பொன்னுரங்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். அடுத்து யார் என்று ஊர்க்கூட்டம் கூடியபோது, எந்தப் பெயரைச் சொன்னாலும் "அவன் உன் அக்கா மருமவன் ஆச்சே" என்று ஒருவர் எழுந்தார். கடைசியில் தலைவர் கோதண்டம்தான் வழி சொன்னார். பால்ராஜின் மனைவி செசிலியா எளாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். அண்ணன் தம்பி யாரும் இந்த ஊரில் இல்லை. பால்ராஜும் ஒற்றைப் பிள்ளை. ஓரவஞ்சனை செய்ய வேண்டும் என்று நினைத்தாலும் அவளுக்கு ஆள் கிடையாது. இப்படித்தான், உறவில்லாத குறையே தகுதியாகி, அவள் படகுத்துறையில் நடுவே நின்று கூவ ஆரம்பித்தாள்.

நன்றாகக் கூவினாள். இறாலோ மடவை மீனோ நண்டோ, கூறு கட்டித் தரையில் கொட்டியதும் ஒரு பார்வை பார்த்து விலையை எங்கே ஆரம்பிக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "இவ கையில வுட்டா தராசு முள்ளு மாரி நேரா நிக்கும்" என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். செசிலியாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். நேர்மையானவள் என்று பெயர் எடுத்ததில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, அவளிடம் வேறு சொத்து என்ன இருந்தது?

இதற்கிடையில் அவள் உடம்பு மாறிக்கொண்டு வந்தது. கல்யாண மோதிரம் விரலில் இறுகி, பழவேற்காடு கடைத்தெருவில் ஆசாரியிடம் போய் அறுத்து எடுத்தார்கள். பழைய செருப்பு காலில் ஏறவில்லை. குரல் தடித்தது. தாடை முன்னால் வந்து பற்களுக்கு இடையே சந்து விழுந்தது. பால்ராஜ், இவள் விடுகிற குறட்டைக்குப் பயந்து வலைக் கொட்டகையில் படுக்கப் போனான்.

ஊரில் ஒருவருக்கும் இது வியாதி என்று தோன்றவில்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கரையில் யார் கை ஊதாமல் இருக்கிறது? காலையில் உப்புத் தண்ணீர், அப்புறம் ஐஸ், அப்புறம் மறுபடியும் உப்புத் தண்ணீர். இறால் உரிக்கிற பெண்கள் எல்லாருக்கும் விரல் தடித்துத்தான் இருக்கும். "உப்புக் கை" என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். குரல் தடித்ததற்கு ஏலம் காரணம், குறட்டைக்கு அலுப்பு காரணம், மாதவிலக்கு சீக்கிரமே நின்றதற்கு சூடு காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்ததால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை. ஒன்றை மட்டும் செசிலியா யாரிடமும் சொல்லவில்லை. மகள் பெனிட்டாவைக் கட்டிக்கொடுத்து அனுப்பம்பட்டுக்கு அனுப்பிய பிறகு, அவள் மார்பில் சில நாள் பால் கசிந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது? ரவிக்கையைத் தனியாகத் துவைத்துக் காயப்போட்டாள்.

தகராறு நண்டில் வந்தது.

ஏலத்தில் நிற்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஏலக்காரிக்கு நேர் எதிரே நடுவில், தராசுக்குப் பக்கத்தில், ஐஸ் வண்டியோடு வரும் வியாபாரிகள். அவர்களில் பெரிய கை தனசேகர். தெருத் தெருவாக விற்கப் போகும் கூடைக்காரப் பெண்கள் இரண்டு ஓரத்திலும், ஏறக்குறைய ஏலக்காரியின் தோளுக்கு நேரே நிற்பார்கள். வாங்கியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட அதுதான் தோது. அன்றைக்கு இடது ஓரத்தில் குப்பம்மா நின்றாள். செசிலியாவைவிடச் சில வயது மூத்தவள், புருஷன் இல்லாதவள், கூடையை நம்பிப் பிழைப்பவள். நல்ல பச்சை நண்டு ஒரு கூறு விழுந்தது. குப்பம்மா கையைத் தூக்கினாள். செசிலியா நேரே பார்த்துக்கொண்டே ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லி தனசேகருக்கு முடித்துவிட்டாள்.

ஒரு முறை என்றால் மறந்திருப்பார்கள். அடுத்த வாரமும் அதுவே நடந்தது. அதற்கடுத்து வலது ஓரத்துப் பெண் ஒருத்தியின் கையும் காற்றில் நின்றது. விட்டுப்போனது எல்லாம் கூடைக்காரிகளின் கை. கூறு விழுந்தது எல்லாம் நடுவில் நின்ற தனசேகருக்கு. ஊருக்குக் கணக்குப் போட இதற்குமேல் என்ன வேண்டும்?

வலை பின்னுகிற கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். குப்பம்மா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் அவ தோளாண்டதான் நின்னேன். தூக்கின கைய எறக்கவே இல்ல. என் வளையல் சத்தங்கூட அவ காதுல வுழுந்திருக்கும். பாக்கலன்றா. யார ஏமாத்துறா?"

"நெசமாவே பாக்கலக்கா," என்றாள் செசிலியா. "உன் கூறப் புடுங்கி அந்தாளுக்குக் குடுத்து எனக்கு இன்னா ஆவப்போவுது?"

"அத நீதான் சொல்லணும்," என்றது ஒரு குரல்.

அந்த ஊரில் பேச்சு இப்படி முட்டிக்கொண்டால் சத்தியம் கேட்பார்கள். அம்மனைக் கும்பிடுகிறவர்கள் சூடத்தை அணைக்க வேண்டும். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அந்தோணியார் சுரூபத்தின் பாதத்தில் கை வைக்க வேண்டும். செசிலியா கை வைத்து, "நான் அக்காவோட கையப் பாக்கல" என்று சத்தியம் செய்தாள். முழு உண்மை. அதுவே அவளைக் கவிழ்த்தது. ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான், ஏரியில் புள்ளியாய்த் தெரிந்த படகைக் காட்டி, இது இன்னாருடையது, பின்னால் வருவது இன்னாருடையது என்று அவள் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் தெரிகிற கண்ணுக்கு முழம் தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லையாம்! அந்தோணியார் மேலேயே பொய்ச் சத்தியம் செய்தவள் என்று பேசிக்கொண்டே கூட்டம் கலைந்தது. கோதண்டம், "கொஞ்ச நாளைக்கு நீ கூவ வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் ஒரு பாத்திரம் தப்பவில்லை. கோபம் அடங்கியபோது அதைவிட மோசமான ஒன்று மிஞ்சியது. குப்பம்மா பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் கை தூக்கியது நிஜம்தானே? தானே தெரிந்து செய்துவிட்டு மறந்துபோனோமா என்றுகூட யோசித்தாள். வேறு விதமாகச் சொன்னால், அவளையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்தாள். ஊர் சந்தேகப்பட்டதைவிட இது பொல்லாதது.

பெனிட்டாதான் வந்து கூட்டிப்போனாள். "கண்ணாடி போட்டா செரியாயிரும்மா" என்று பொன்னேரியில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினாள். சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் செசிலியா கடைசி வரி வரைக்கும் படித்தாள். கண்ணாடி வேண்டாம் என்று அனுப்பப் போன டாக்டர், அவள் நாற்காலியிலிருந்து எழுந்தபோது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டதைப் பார்த்து மறுபடி உட்காரச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். பிறகு தன் கையைப் பக்கவாட்டில் நீட்டி ஒரு விரலை ஆட்டினார்.

"விரல் தெரியுதா?"

"எந்த வெரலு?"

மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தார். பாதி தூரம் வந்த பிறகுதான், ஆடிக்கொண்டிருந்த விரல் திடீரென்று முளைத்தது. அடுத்த கண்ணுக்கும் அதே கதை. வெளி ஓரத்தில் ஒரு விரல் இவ்வளவு நேரம் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை. குப்பம்மாவின் கையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. பயப்பட வேண்டிய இடத்தில் அவள் அழுதாள், அதுவும் நிம்மதியில். டாக்டர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு தைரியம் சொன்னார்.

சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே நிவேதா என்று ஒரு சின்ன வயது டாக்டர். செசிலியா உள்ளே நுழைந்ததுமே கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். "பழைய போட்டோ இருக்கா?" என்று கேட்டாள். பெனிட்டாவின் போனில் ஒரு ஞானஸ்நானப் படம் இருந்தது. அதில் இருந்தவள் செசிலியாவின் தங்கை மாதிரி இருந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் கட்டி என்றார்கள். இரண்டு கண்ணிலிருந்து வரும் நரம்புகள் அதற்கு நேர் மேலே ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. கட்டி வளர்ந்து அந்த இடத்தை அழுத்தினால் நடுப் பார்வை நன்றாகவே இருக்கும், இரண்டு வெளி ஓரமும் போய்விடும். புற்று இல்லை, மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்று நிவேதா சொன்னாள்.

"அப்ப கை கால் வீங்கினது?"

நிவேதா பொறுமைசாலி. உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எல்லா மரபணுவும் இருக்கிறது என்றாள். வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணு கண்ணிலும் உண்டு, கால் கட்டைவிரலிலும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் அது வாயைத் திறப்பதில்லை. பிட்யூட்டரியில் சில செல்கள்தான் அதைப் படித்து, படியெடுத்து, அந்தப் படியைப் பார்த்து மணி கோப்பது போல ஹார்மோனைக் கோத்து ரத்தத்தில் விடுகின்றன. போதும் என்று சேதி வந்தால் நிறுத்திவிடும். கட்டியாகிப்போன செல்லுக்கு அந்தப் 'போதும்' காதில் ஏறாது. படித்துக்கொண்டே இருக்கும், கையும் காலும் தாடையும் வளர்ந்துகொண்டே போகும்.

"கூறு தீந்துபோன பெறவும் ஒருத்தி கூவிகினே கீறான்னு சொல்லு," என்றாள் செசிலியா.

"அதேதாம்மா," என்றாள் நிவேதா. "எடுக்குற கட்டியில கொஞ்சம் எங்களுக்கு ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களா? எந்தக் கட்டி எந்த மரபணுவப் படிக்குதுன்னு பாக்குறோம். சிலது ஒண்ணு படிக்கும், சிலது ரெண்டு மூணு படிக்கும். சிலது படிச்சு ஹார்மோனையும் செஞ்சிட்டு வெளிய விடாம உள்ளயே வச்சுக்கும்."

"எல்லாத்தையும் எடுத்துக்கோ தாயி. நான் அத வச்சிகினு இன்னா பண்ணப்போறேன்?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கட்டியைப் பரிசோதித்ததில் வளர்ச்சி ஹார்மோனின் படி குவியலாய் இருந்தது. கூடவே பால் சுரக்க வைக்கும் ஹார்மோனின் படியும் இருந்தது. நிவேதா அதைச் சொன்னபோது செசிலியா முதல் முறையாக அந்த ரவிக்கைச் சமாச்சாரத்தை வாய்விட்டுச் சொன்னாள். "இத்தன வருசம் யார்கிட்டயும் சொல்லலியா?" என்று கேட்டாள் நிவேதா. பெனிட்டா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தடித்த எலும்பு சுருங்காது, வீக்கம் கொஞ்சம் வடியும் என்றார்கள். வலது கண்ணின் ஓரம் சில வாரத்தில் திரும்பி வந்தது. இடது கண்ணின் ஓரம் வரவில்லை. அது அநேகமாக வராது என்று நிவேதா மறைக்காமல் சொன்னாள்.

இப்போதுதான் கதையில் நிஜமான சிக்கல் வருகிறது. பால்ராஜ் ஊருக்கு முன்னாடியே போய், மூளையில் கட்டி இருந்தது, அதனால்தான் தெரியவில்லை, எடுத்தாச்சு, இப்போது எல்லாம் சரி என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தான். ஊர் அதை நம்பிவிட்டது. கோதண்டமே வீட்டுக்கு வந்து, "இனிமே நீயே கூவும்மா" என்றார். பெயரும் வேலையும் ஒரே நாளில் வாசலுக்கு வந்து நின்றன. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"லெப்ட் சைடு தெரியலியே," என்றாள் அவள், கோதண்டம் போனதும்.

"தலயத் திருப்பிப் பாத்துக்கோ," என்றான் பால்ராஜ். "யாருக்குத் தெரியப்போவுது?"

"நான் இந்தப் பக்கம் திரும்புறப்போ அந்தப் பக்கத்து வெரலு ஏறி எறங்கிப்புடும். திரும்பவும் எவளாவது நின்னுகினு இருப்பா, கைய தூக்கிகினு."

"இன்னாமே நீ, கெடச்சத வுட்டுட்டு!"

அவளுக்கு மட்டும் ஆசை இல்லாமலா? அந்த நடு இடத்தில் மறுபடியும் நிற்க வேண்டும் என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தினமும் நினைத்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் செய்த சத்தியம் முழு உண்மை. இனிமேல் தெரிந்தே பொய்யாக நடந்தால் அந்தப் பழைய உண்மையும் பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். "எனக்கு எடது ஓரம் இன்னும் தெரியல. இனிமேலும் தெரியாதாம். கூடைக்காரங்கள எனக்கு நேரா நிக்க வுடுங்க, நான் கூவுறேன். இல்லாட்டி வாயால கேக்கச் சொல்லுங்க."

கொட்டகையில் சத்தம் எழுந்தது. நேராக நிற்பதென்றால் தராசையும் ஐஸ் வண்டியையும் எங்கே கொண்டுபோவது என்று தனசேகர் கேட்டார். ஒருத்திக்காக ஊர் வழக்கத்தை மாற்ற முடியாது என்றார் கோதண்டம். தராசு அங்கே வந்தே ஐந்தாறு வருடம்தான் ஆகிறது, அதற்குள் அது வழக்கமாகிவிட்டது. பின்வரிசையில் ஒருவன், "மாட்டிகினதும் சீக்குன்றா, சீக்கு போச்சுன்னதும் போவலன்றா, இவள எதுல சேக்குறது?" என்றான். சிலர் சிரித்தார்கள். குப்பம்மா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். உண்மையைச் சொன்னதில் வேலையும் போயிற்று, பெயரும் வரவில்லை.

வேலை கோதண்டத்தின் தங்கை மகன் வினோத்துக்குப் போயிற்று. இந்த முறை மட்டும் உறவு யாருக்கும் உறுத்தவில்லை. வினோத் தோளில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு வந்தான். செசிலியா ஊர்க்கோடியில் இறால் உரிக்கிற கொட்டகையில் சேர்ந்தாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். மறுபடி கட்டி எதையாவது படிக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லை என்பார்கள், திரும்பி வருவாள். துறைப் பக்கம் போகவே இல்லை. கூவல் மட்டும் ஸ்பீக்கரில் காதுக்கு வரும். யாரோ தன் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும், எழுந்து போகத் தோன்றும். பற்களைக் கடித்துக்கொண்டு உரிப்பாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் கொட்டகைக்குக் குப்பம்மா வந்தாள். இடுப்பில் காலிக் கூடை. இடது பக்கமாக வந்து நின்றவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். செசிலியா பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தாள், யாரோ வந்திருப்பதே தெரியவில்லை. குப்பம்மா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுற்றிக்கொண்டு வந்து நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"எப்பக்கா வந்த?"

"அப்பவே வந்தேன்," என்றாள் குப்பம்மா. கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "இன்னிக்கும் கெடைக்கலடி. அந்த வினோத்து நடுவுலதான் நிக்கிறான், ரெண்டு கண்ணும் நல்லா கீது. நான் கையத் தூக்குறேன், என்னப் பாக்குறான். நேரா என் மூஞ்சியப் பாத்துட்டு மூணு தரம் சொல்லி தனசேகருக்கு முடிக்கிறான். போன வாரமும் அப்படித்தான், அதுக்கு முந்தியும் அப்படித்தான்."

"கூட்டம் போடச் சொல்றதுதானே?"

"யாரு போடுவா? கோதண்டமா?" குப்பம்மா ஒரு இறாலை எடுத்து விரலில் உருட்டினாள். "நீ பாக்காம வுட்டடி செசிலி. இவன் பாத்துட்டு வுடறான். பாக்காத மூஞ்சி எப்படி இருக்கும், பாத்த மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு இப்பதான் தெரியுது. அன்னிக்கு உன் மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. நீ சத்தியம் பண்ணது நெசம்."

செசிலியாவின் கை நின்றுவிட்டது. கூட்டத்தில் வராத அழுகை அப்போது வந்தது. தடித்த குரலில் அவள் வாய்விட்டு அழுததைப் பார்த்து மற்ற பெண்கள் உரிப்பதை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். குப்பம்மா செசிலியாவுக்கு முன்னால் கிடந்த குவியலைப் பாதியாகப் பிரித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். கூறு கிடைக்காததால் அன்றைக்கு அவளுக்கும் வேறு வேலை இருக்கவில்லை.